நியாண்டர் பள்ளத்தாக்கும் என் பிரசவப் பதிவேடும்

எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த இடது முழங்கைதான். ஒடிந்து, சரியாகச் சேராமல், கோணலாகவே கூடிப்போன எலும்பு. கட்டுப் போட ஆளில்லாமல் தானாகக் கூடிய கைகளை மலைக் கிராமங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கையால் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது, வயிறார நாலு வாய் சாப்பிட மட்டும் இன்னொரு கை இருக்கும். ஜெர்மனியில் மெட்மான் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற நியாண்டர்தால் அருங்காட்சியகத்தில் அந்த எலும்பின் அச்சுப் பிரதிக்கு முன்னால் நின்றபோது, ஏதோ வரலாற்றுக்கு முந்தைய பிராணி என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு நோயாளி என்றுதான் தோன்றியது.

நான் 31 வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். துறையூர்ப் பக்கம், பச்சைமலை அடிவாரத்திலும் மலை மேலேயும் வேலை. ஊரில் எல்லாருக்கும் நான் நர்சம்மா. இந்த வருடம் மகளின் பிரசவத்துக்காக டுசல்டார்ஃப் வந்தேன். பேத்திக்கு இரண்டு மாதம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அத்தை, வீட்டுக்குள்ளேயே இருந்தா எப்படி? ஒரு இடம் காட்டறேன் வாங்க" என்று மாப்பிள்ளை கூப்பிட்டார். எஸ்28 ரயிலில் கொஞ்ச நேரப் பயணம். இறங்கும் நிலையத்தின் பெயர்ப்பலகையிலேயே நியாண்டர்தால் என்று எழுதியிருக்கிறது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த ஒரு பெயர், நம் ஊர் வாளாடி மாதிரி ரயில் நிற்கும் ஓர் இடமாக இருந்தது.

சின்னப் பள்ளத்தாக்கு அது. நடுவே டுசல் என்ற சிற்றாறு ஓடுகிறது. டுசல்டார்ஃப் நகரத்துக்குப் பெயர் கொடுத்தது அதுதான். ஜெர்மன் மொழியில் தால் என்றால் பள்ளத்தாக்கு. அதற்கு நியாண்டர் என்ற பெயர் வந்தது 17-ஆம் நூற்றாண்டில் இங்கே உலாவிய யோவாகிம் நியாண்டர் என்ற கிறிஸ்தவப் பாடலாசிரியரால். அவருடைய குடும்பப் பெயர் முதலில் நாய்மான். தாத்தா அதைக் கிரேக்கத்தில் நியாண்டர் என்று மாற்றிக்கொண்டார். இரண்டுக்கும் பொருள் 'புதிய மனிதன்'. அந்தப் பெயருள்ள இடத்திலேயே இன்னொரு வகை மனிதனின் எலும்பு கிடைத்ததை என்னால் இன்னும் ஆச்சரியப்படாமல் நினைக்க முடியவில்லை.

1856-இல் சுண்ணாம்புக் கல் வெட்டுவதற்காக ஒரு குகையைச் சுத்தம் செய்த தொழிலாளர்கள், சேற்றோடு எலும்புகளையும் வாரிக் கீழே கொட்டினார்கள். கரடி எலும்பு என்று நினைத்தார்கள். எல்பர்ஃபெல்டில் வாத்தியாராக இருந்த யோஹான் கார்ல் ஃபூல்ராட் அதை வாங்கிப் பார்த்து, இது மனித எலும்பு, ஆனால் நம்மைப் போன்ற மனிதன் இல்லை என்று சொன்னார். யாரும் உடனே நம்பிவிடவில்லை. பெரிய மருத்துவரான விர்ச்சோவே இது நோய் வந்து கோணிப்போன சாதாரண எலும்பு என்றார். 1864-இல்தான் வில்லியம் கிங் என்ற நிலவியல் பேராசிரியர் இந்தப் பள்ளத்தாக்கின் பெயரையே வைத்து, நியாண்டர்தால் மனிதன் என்று தனி இனமாகப் பெயர் சூட்டினார். அசல் எலும்புகள் இப்போது பான் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. குகை இருந்த பாறையே இன்று இல்லை, முழுதும் வெட்டி எடுத்துவிட்டார்கள். அதே இடத்தில் ஒரு கோபுரம் கட்டியிருக்கிறார்கள். குகை ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்தில் இருந்ததாம். கோபுரத்தில் ஏறினால் அந்த உயரத்தில் நிற்கலாம்.

அந்த மனிதருக்கு வயது நாற்பதுக்குப் பக்கம். கை ஒடிந்து கூடிய பிறகும் பல வருடம் வாழ்ந்திருக்கிறார். ஈராக்கின் ஷானிதார் குகையில் கிடைத்த இன்னொரு நியாண்டர்தால் மனிதருக்கு வலது கையே சூம்பிப்போயிருந்தது, கண் பக்கத்தில் பெரிய அடி, காதும் சரியாகக் கேட்டிருக்காது. அவரும் நாற்பதைத் தாண்டியவர். யாரோ இறைச்சியை அறுத்துக் கொடுத்திருக்கிறார்கள், யாரோ கூடவே நடந்திருக்கிறார்கள். இதைச் சொல்லாமல் நியாண்டர்தால் மக்கள் ஏன் அழிந்தார்கள் என்ற பேச்சை ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை.

நியாண்டர் பள்ளத்தாக்கில் கிடைத்தவர் வாழ்ந்தது சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன்பு. ஐரோப்பாவில் நாற்பது இடங்களின் கரிமக் காலக்கணிப்பை, அதாவது மிஞ்சிய கரிமத்தை அளந்து வயது காணும் கணக்கை, 2014-இல் டாம் ஹையம் என்ற ஆய்வாளரின் குழுவினர் திரும்பச் செய்தபோது, அந்த இனமே 41,000-க்கும் 39,000-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளுக்கு முன்பு முடிந்துபோனது தெரிந்தது. அதாவது இவர் கடைசிக் காலத்து ஆள்.

"நம்ம இனத்து ஆளுங்கதான் இவங்களை அடிச்சுக் கொன்னுட்டாங்கன்னு சொல்றாங்களே அத்தை" என்றார் மாப்பிள்ளை, தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டே. அருங்காட்சியகத்துக்குள் படிக்கட்டு ஏறி இறங்க வேண்டியதில்லை, சரிவான பாதை சுற்றிச் சுற்றி மேலே போகிறது. பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். நான் உடனே பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, மகள் தேடிக் கொடுத்ததையெல்லாம் மூன்று வாரம் உட்கார்ந்து படித்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

கொலை என்பதற்கு ஆதாரம் மிகக் குறைவு. ஷானிதாரிலேயே இன்னொருவரின் விலா எலும்பில் எறியீட்டி பட்டது போன்ற வெட்டு இருக்கிறது. ஒரு விலா எலும்பை வைத்துக்கொண்டு ஸ்பெயினிலிருந்து சைபீரியா வரை பரவியிருந்த ஓர் இனத்தின் கதையை முடிக்க முடியாது. குளிர் என்கிறார்கள். மூன்று லட்சம் ஆண்டுகளில் அவர்கள் பார்க்காத குளிரா? நேப்பிள்ஸ் பக்கத்தில் சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் பெரிய எரிமலை வெடித்தது, சாம்பல் ரஷ்யா வரை போனது. ஆனால் பல குகைகளில் அந்தச் சாம்பல் அடுக்குக்குக் கீழேயே பழைய கருவிகள் முடிந்து, புது வகைக் கருவிகள் வந்துவிடுகின்றன. அறிவு குறைவு என்ற பழைய பேச்சை நான் ஏற்கவே மாட்டேன். பூர்ச்ச மரப்பட்டையிலிருந்து பசை காய்ச்சியவர்கள், நார் முறுக்கிக் கயிறு திரித்தவர்கள், யானையைச் சாய்த்தவர்கள் அவர்கள். மண்டைக்குள் மூளையும் நம் அளவுக்குக் குறையாதது.

நான் போய் நின்ற இடம் வேறு. பிறப்பு.

என் வேலையில் மூன்று பதிவேடுகள் கையை விட்டு இறங்காது. தகுதியுள்ள தம்பதியர், கர்ப்பிணிகள், பிறந்த பிள்ளைகள். பிள்ளை ஐந்து வயது தாண்டினால் அந்த வரியில் பச்சை மையால் ஒரு கோடு போடுவேன். யாரும் போடச் சொல்லவில்லை, என் மனத் திருப்திக்கு. மலை மேலே என் பொறுப்பில் ஒரு குக்கிராமம் இருந்தது. 16 குடும்பம், 71 பேர். ஒரு சமயம் தொடர்ந்து இரண்டு வருடம் அங்கே ஒரு பிரசவம்கூட இல்லை. நோயும் இல்லை, பஞ்சமும் இல்லை. இரண்டு பெண்கள் கல்யாணமாகிக் கீழே போய்விட்டார்கள், ஒருத்திக்குக் கரு தங்கவில்லை, ஒருத்தியின் புருஷன் வேலைக்குக் கேரளா போய்விட்டான். அவ்வளவுதான் காரணம். பத்தாயிரம் பேர் இருக்கும் ஊரில் இப்படி நாலு வீட்டில் நடந்தால் கணக்கில் தெரியவே தெரியாது. 71 பேருக்கு அது ஒரு தலைமுறையில் விழுந்த ஓட்டை. எங்கள் ஊருக்குச் சாலை இருந்தது, சுற்றிலும் மனிதர்கள் இருந்தார்கள், பெண் எடுக்கப் பெண் கொடுக்க வழி இருந்தது. ஓட்டை அடைபட்டுவிட்டது.

நியாண்டர்தால் மக்கள் எல்லாரும் அந்தக் குக்கிராமத்தில் வாழ்ந்தவர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சைபீரியாவின் அல்தாய் மலையில் சாகிர்ஸ்காயா என்ற குகை. அங்கேயும் பக்கத்துக் குகையிலும் கிடைத்த 13 பேரின் மரபணுவை 2022-இல் வெளியிட்டார்கள். ஓர் அப்பாவும் அவருடைய பதின்வயது மகளும் அதில் இருக்கிறார்கள். இருபது பேர் கொண்ட சின்னக் கூட்டம். அவர்களின் மரபணுவில் வேறுபாடு எவ்வளவு குறைவு என்றால், அழிவின் விளிம்பில் இருக்கும் மலைக் கொரில்லாக்களோடு ஒப்பிட வேண்டியிருந்தது. பெண்களில் பாதிக்கு மேல் வேறு கூட்டத்திலிருந்து வந்தவர்கள். அங்கேயும் பிறந்த இடத்தை விட்டுப் போனது பெண்தான்.

அதே மலையில் தெனிசோவா குகையில் கிடைத்த ஒரு பெண்ணின் கால்விரல் எலும்பு இன்னும் ஒரு படி மேலே. அவளுடைய அம்மா அப்பா ஒன்றுவிட்ட உறவை விட நெருங்கியவர்கள். ஒரே தகப்பனுக்கோ தாய்க்கோ பிறந்தவர்கள், அல்லது தாய்மாமனும் அக்கா மகளும், அந்த அளவு நெருக்கம். நம் வீடுகளில் அக்கா மகளைக் கட்டுவது தெரிந்த சங்கதிதான். அப்படிக் கட்டிய தம்பதிகளின் பெயருக்குப் பக்கத்தில் நான் ஒரு நட்சத்திரக் குறி போட்டு வைப்பேன். எல்லாக் குழந்தைக்கும் குறை வராது, ஆனால் கவனம் அதிகம் தேவை. ஸ்பெயினில் எல் சித்ரோன் குகையில் கிடைத்த 13 பேரின் எலும்புகளில் பிறவிக் குறைகள் ஒன்றிரண்டல்ல, 17 இடங்களில் கண்டுபிடித்திருக்கிறார்கள். நட்சத்திரக் குறி போடாத வரியே அந்தப் பதிவேட்டில் இருந்திருக்காது.

என்னை மிகவும் பாதித்தது தோரின். பிரான்சில் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு, மாந்த்ரன் குகை. 2015-இல் கிடைத்த ஒரு மனிதருக்கு லுடோவிக் ஸ்லிமாக் குழு வைத்த பெயர் அது. 2024-இல் மரபணு முடிவு வந்தது. அவருடைய கூட்டம் மற்ற நியாண்டர்தால் கூட்டங்களோடு ஏறத்தாழ 50,000 ஆண்டுகளாகக் கலக்கவே இல்லை. எட்டாத தூரத்தில் இருந்ததால் அல்ல, அதே ஐரோப்பாவில் மற்றவர்களும் இருந்தார்கள். ஐம்பதாயிரம் வருடம் பெண் கொடுக்காமல், பெண் எடுக்காமல் இருந்திருக்கிறார்கள். படித்துவிட்டு அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

பிரசவம் அவர்களுக்கும் நமக்கும் ஒரே கஷ்டம்தான். காக்கசஸ் மலையில் மெஸ்மாய்ஸ்காயா குகையில் பிறந்து சில நாளே ஆன ஒரு சிசுவின் எலும்புக்கூடு கிடைத்தது. அதன் மூளை அளவு நம் சிசுவின் அளவேதான். தலை அவ்வளவு பெரிதென்றால் தாய்க்கு வலியும் அவ்வளவு, பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு பெண் தேவை. வடகிழக்கு இத்தாலியில் கிடைத்த பால் பற்களை ஆராய்ந்ததில், ஐந்து ஆறு மாதத்தில் இணை உணவு கொடுக்க ஆரம்பித்தது தெரிகிறது. நான் 31 வருடம் வீடு வீடாகப் போய்ச் சொன்ன ஆறாம் மாதக் கணக்கு! பிரான்சில் பெய்ர் என்ற இடத்தில் இரண்டரை லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய குழந்தையின் பல் ஒன்று. வசந்த காலத்தில் பிறந்த குழந்தை, இரண்டரை வயது வரை பால் குடித்திருக்கிறது, குளிர்காலத்தில் நோயில் விழுந்து எழுந்திருக்கிறது. ஒரு பல்லிலிருந்து இத்தனையும் படிக்கிறார்கள். தாய்சேய் அட்டையில் நான் எழுதி வைத்ததை விட இது அதிகம்.

சரி, கணக்குக்கு வருகிறேன். 2019-இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்று நெதர்லாந்தின் கிரிஸ்ட் வேசன் குழுவினருடையது. 50 பேரிலிருந்து 5,000 பேர் வரை வெவ்வேறு அளவுக் கூட்டங்களைக் கணினியில் பத்தாயிரம் ஆண்டுகள் ஓடவிட்டார்கள். நம் இனத்தை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. நெருங்கிய உறவில் பிறப்பது மட்டும் மிகச் சிறிய கூட்டங்களைத்தான் அழித்தது. ஆனால் துணை கிடைக்காமல் ஒரு வருடத்தில் நாலில் ஒரு பங்குப் பெண்களோ அதற்கும் குறைவாகவோ பிள்ளை பெற்றால், ஆயிரம் பேர் கூட்டமும் தாங்கவில்லை. அதோடு என் குக்கிராமத்தில் நடந்த மாதிரித் தற்செயல்களும் சேர்ந்தால் எந்தக் கூட்டமும் மிஞ்சாமல் போகலாம். யாரும் யாரையும் கொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று பிரான்சின் அன்னா தெஜோவானி குழுவினருடையது. இருபது வயதுக்குக் கீழ்ப்பட்ட இளம் பெண்களின் பிள்ளைப்பேறு 2.7 சதவீதம் குறைந்தால் போதும், பத்தாயிரம் ஆண்டுகளில் இனமே இல்லை என்று வந்தது. 2.7 சதவீதம்! நூறு தலைப்பிரசவத்துக்கு மூன்றுகூட இல்லை. ஒரு துணை சுகாதார நிலையத்தில் ஒரு வருடத்தில் அந்தக் குறைவு என் கண்ணுக்கே பட்டிருக்காது. இளவயதுத் தலைப்பிரசவத்தின் ஆபத்து எனக்குத் தெரியும். ரத்தசோகை, எடைக் குறைவு, குறைமாதம். எந்த ஊரிலும் முதலில் ஆட்டம் காணும் இடம் அதுதான்.

அந்த மூன்று பிள்ளைகள் ஏன் குறைந்தன? இங்கேதான் நம் ஆட்கள் வருகிறார்கள் என்பது என் எண்ணம். நியாண்டர்தால் உடம்பு கட்டையானது, கனமானது, குளிருக்கு ஏற்றது. அந்த உடம்பு ஓட நம்மை விட அதிகச் சாப்பாடு வேண்டும். அதே மான்களை, அதே குதிரைகளைத் தேடி இன்னொரு கூட்டம் அதே பள்ளத்தாக்குக்கு வந்தால், சண்டையே வேண்டாம், பின்பனிக் காலத்தில் இரண்டு வாரம் வயிறு காய்ந்தாலே போதும். சாப்பாடு குறைந்த பெண்ணுக்கு முதலில் நிற்பது மாதவிலக்கு. அதைப் பார்க்க ஈட்டி பட்ட எலும்பைத் தேடிப் பயனில்லை. எலும்பில் அது எழுதப்படுவதில்லை.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. ருமேனியாவில் பெஸ்தேரா கு ஒவாசே குகையில் கிடைத்த தாடை எலும்பு நம் இனத்து ஆணுடையது. அவனுக்கு நாலிலிருந்து ஆறு தலைமுறைக்கு முன்னால் ஒரு நியாண்டர்தால் மூதாதை. கலந்து பிள்ளை பெற்றிருக்கிறார்கள். ஆனால் ஐரோப்பாவின் கடைசிக் கால நியாண்டர்தால் எலும்புகளில் இதுவரை படித்த மரபணு எதிலும் நம் இனத்தின் அண்மைக் கலப்பு கிடைக்கவில்லை. என் பார்வையில் இதற்கு ஒரு பொருள்தான் தெரிகிறது. கலந்து பிறந்த பிள்ளைகள் நம் பக்கம் வளர்ந்தார்கள். பதிவேட்டில் இதை 'இடம் மாறுதல்' என்று எழுதுவோம். பிள்ளை சாகவில்லை, நன்றாக இருக்கிறது, ஆனால் இந்த ஊர்க் கணக்கில் இனி இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் எண்ணிப் பார்க்க வேண்டிய ஊரில், ஒரு இளம்பெண் மற்றக் கூட்டத்தோடு போய்விட்டால் அவளுக்குப் பிறக்கவிருந்த அத்தனை பேரும் போய்விடுகிறார்கள்.

அப்படி இடம் மாறி வந்தவர்கள் நம் உடம்பில் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ள எல்லாருக்கும் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் அவர்களின் மரபணு. ஸ்வாந்தே பேபோ 2010-இல் இதைக் காட்டினார், 2022-இல் நோபல் பரிசு வாங்கினார். நான் முதன்முதலில் நியாண்டர்தால் என்ற சொல்லைப் பொருட்படுத்திப் படித்தது கொரோனாவில்தான். 2021 மே மாதம் என் தம்பி போனான். 52 வயது, சர்க்கரைகூட இல்லாதவன். அதற்குப் பிறகுதான், கொரோனாவைத் தீவிரமாக்கும் ஒரு மரபணுத் துண்டு மூன்றாம் குரோமோசோமில் இருக்கிறது, அது நியாண்டர்தால்களிடமிருந்து வந்தது என்று ஹியூகோ ஸேபர்க்கும் பேபோவும் 2020-இலேயே எழுதியிருந்ததைப் படித்தேன். ஐரோப்பாவில் ஆறில் ஒருவருக்குத்தான் அது. நம் தெற்காசியாவில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு. அந்த நாட்களில் எனக்கு அந்த இனத்தின் மேலேயே கோபம் இருந்தது. பன்னிரண்டாம் குரோமோசோமில் அவர்களிடமிருந்தே வந்த இன்னொரு துண்டு அதே நோயிலிருந்து காக்கிறது என்று படித்தபோதும் கோபம் முழுதாகத் தீரவில்லை.

தீர்ந்தது இங்கே வந்துதான். மகளுக்கு மூன்றாம் மாதத்தில் ரத்தப்போக்கு இருந்தது. நான் துறையூரில், அவள் இங்கே, இரவு முழுக்க வீடியோ அழைப்பு. எத்தனையோ பெண்களுக்குத் தைரியம் சொன்ன நான் அன்று வாய் அடைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். கரு தங்கியது. இப்போது படித்துக்கொண்டே போகும்போது, அதே ஸேபர்க், பேபோ இருவரும் ஜேனட் கெல்சோவுடன் சேர்ந்து 2020-இல் எழுதிய இன்னொரு கட்டுரை கிடைத்தது. கர்ப்பத்தைத் தாங்கிப் பிடிக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனுக்கு உடலில் ஓர் ஏற்பி, அதாவது அந்த ஹார்மோன் போய்ப் பொருந்தி வேலை செய்யும் இடம், உண்டு. அதன் நியாண்டர்தால் வகை ஐரோப்பியப் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருக்கிறது. அதைக் கொண்ட பெண்களுக்குக் கர்ப்பத் தொடக்கத்தில் ரத்தப்போக்கு குறைவு, கருச்சிதைவு குறைவு, உடன்பிறப்புகள் அதிகம்.

பிள்ளை போதாமல் முடிந்துபோன இனம் கரு தங்குவதற்கான சாமானை நம்மிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. இதை மகளிடம் சொன்னபோது என் குரல் உடைந்துவிட்டது. அவள் பேத்தியை என் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

போன வாரம் நானே ரயில் ஏறி மறுபடியும் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போனேன். 1856-இல் கீழே கொட்டிய சேறு எங்கே கிடக்கிறது என்று ரால்ஃப் ஷ்மிட்சும் யூர்கன் தீசனும் 1997-இல் தேடிக் கண்டுபிடித்துத் தோண்டினார்கள். கிடைத்த ஒரு சின்ன எலும்புத் துண்டு, பழைய மனிதரின் இடது தொடையெலும்பில் முழங்கால் பக்கம் அப்படியே பொருந்தியது. இன்னொரு ஆளின் கை எலும்பும் கிடைத்தது. அப்புறம் ஒரு பால் பல். வேர் கரைந்து தேய்ந்த பல் அது. பால் பல்லின் வேர் கரைவது, கீழே புதுப் பல் முளைத்து அதைத் தள்ளும்போதுதான். அந்தப் பிள்ளை ஐந்து வயதை எப்போதோ தாண்டியாயிற்று.

தோண்டிய இடம் இப்போது புல்வெளி. ஓரத்தில் உட்கார்ந்து, பையிலிருந்த பச்சைப் பேனாவை எடுத்து, ரயில் பயணச்சீட்டின் பின்புறம் ஒரு கோடு போட்டேன்.